குடும்ப வரலாற்றைத் தேட இலவசமாக என்னென்ன கிடைக்கின்றன? நேட்டால் போன கொள்ளுத்தாத்தாவின் அண்ணனைத் தேடுகிறேன்

வந்தவாசி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீகம் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்து வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூர். சென்ற தை மாதம் பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பதற்கு முன்பாகப் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினோம். கிஸ்தி ரசீதுகளுக்கும் செல்லரித்த ஒரு பஞ்சாங்கத்துக்கும் நடுவே ஓர் அஞ்சலட்டை இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள வெருலம் என்ற ஊரின் முத்திரையும் 1908 என்ற ஆண்டும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் கல்யாணம் ஆகாமலே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனார் என்று வீட்டில் சொல்வார்கள். அட்டை அவர் எழுதியதுதான், அல்லது எழுதச் சொன்னது. தாயாரின் உடல்நிலையையும் ஊரில் மழை பெய்ததா என்பதையும் விசாரித்துவிட்டு, தம் பெயருக்குக் கீழே ஆறிலக்க எண் ஒன்றைக் குறித்திருக்கிறார். அது வீட்டு எண் என்று நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இதை வைத்து மேலே தேடலாம் என்று வம்சாவளி பார்க்கும் கட்டண இணையதளம் ஒன்றில் சேர்ந்தேன். பதினான்கு நாள் இலவசம் என்றார்கள். நான் ரத்து செய்ய நினைத்த நாளில் அட்டையிலிருந்து ஓராண்டுச் சந்தா போய்விட்டது. பணம் போனதைவிட எரிச்சலூட்டியது அந்தத் தேடுபெட்டிதான். பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவதை நிரப்பாமல் நகரவே விடவில்லை. நமக்கு ஏது குடும்பப்பெயர்? தகப்பனார் பெயரை அங்கே இட்டால், நமக்குச் சம்பந்தமே இல்லாத இங்கிலாந்துக்காரர்களின் பட்டியல் வருகிறது.

என் கேள்வி இரண்டு. தமிழ்நாட்டில் உள்ள பதிவுகளைக் கொண்டு காசு செலவழிக்காமல் எத்தனை தலைமுறை பின்னோக்கிப் போக முடியும்? நேட்டால் போனவரைப் பற்றி இங்கிருந்தபடியே அறிய வழி உண்டா? கொள்ளுத்தாத்தாவின் தகப்பனார் பெயர் வரை தெரியும். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர் எழுதியது:

அம்மா, முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கடல் கடந்த விஷயம் எனக்குத் தெரியாது.

பெயரை வைத்துத் தேடுவதை நிறுத்திவிட்டு நிலத்தை வைத்துத் தேடுங்கள். நம் பக்கத்தில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால், ஒரே ஊரில், ஒரே தெருவில், இரண்டு தலைமுறை இடைவெளியில் இரண்டு முனுசாமிகள் இருப்பார்கள். பங்காளி வீட்டில் மூன்றாவதாக ஒருவரும் இருப்பார். சர்வே எண் அப்படிக் குழப்புவதில்லை. அது மாறினாலும், பழைய எண் எது, புதிய எண் எது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் மாறும்.

உங்கள் குடும்பத்து நிலத்தின் இன்றைய பட்டாவையும் அ-பதிவேட்டையும் (ஊரின் நில விவரப் பதிவேடு) வருவாய்த் துறையின் இணையவழிச் சேவைத் தளத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். அவை பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நடந்த, யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது எழுதப்பட்டவற்றின் தொடர்ச்சி. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தைத் தொடக்கூடும். அது இணையத்தில் கிடைக்காது; வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ கேட்க வேண்டும். நேரில் போய் அலைவதைவிட, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கிராமப் பெயர், பழைய சர்வே எண் இரண்டையும் குறிப்பிட்டு விண்ணப்பித்தால் வேலை விரைவில் ஆகும். ஊர் ஜமீன் அல்லது ஜாகீரைச் சேர்ந்ததாக இருந்தால் (பக்கத்து ஆரணி ஜாகீராகவே இருந்தது) 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் இந்த வகைப் பதிவேடுகள் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் 1975 முதல் இலவசமாகப் பார்க்க முடியும். அதில் பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதேனும் கண்ணில் பட்டால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நகல் வாங்கக் கட்டணம் உண்டுதான். ஆனாலும் செலவு செய்ய வேண்டிய ஒரே இடம் அதுதான் என்பது என் கருத்து. கிரயப் பத்திரம் விற்றவர், வாங்கியவர், தகப்பன் பெயர் என்பதோடு நின்றுவிடும். பாகப்பிரிவினையோ, சொத்து யார் சம்பாதித்தது, அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் வாரிசு இல்லாமல் இறந்தவர் யார், தேசாந்திரம் போனவர் யார் என்பதையெல்லாம் கதைபோலச் சொல்லிவிட்டுத்தான் பங்குக்கு வரும். உங்கள் குடும்பத்தில் ஒருவர் கடல் கடந்து போய்த் திரும்பவில்லை என்றால், அவர் பங்கு என்ன ஆயிற்று என்று எவராவது, எங்காவது எழுதியே தீர்ந்திருக்க வேண்டும்.

வழக்கு நடந்த குடும்பம் என்றால் இன்னும் நல்லது (சண்டை போட்ட பெரியவர்களைத் திட்டாதீர்கள்). இந்தியன் கானூன் என்ற தளத்தில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாகப் பிரிவினை வழக்குகளில் நீதிபதி முதலில் வம்சாவளியைத்தான் எழுதுவார். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள். அண்மைய தலைமுறைகளுக்கு, வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தத்துக்காகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் வைக்கப்பட்ட 2002, 2005ஆம் ஆண்டுப் பட்டியல்கள் போதும். தகப்பன் அல்லது கணவன் பெயரும் வயதும் கதவு எண்ணும் அவற்றில் உள்ளன. இன்று இல்லாத பல பெரியவர்கள் அப்போது இருந்தார்கள்.

செய்யாற்றுக்காரி எழுதியது:

பெரியவர் சொன்ன அனைத்தும் சரியே. ஆனால் அவை நிலம் இருந்தவர்களுக்கு உரியவை. நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பலருடைய குடும்பத்துக்குக் காணி நிலம்கூட இருந்ததில்லை. என் குடும்பமும் அப்படித்தான். எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் எங்கள் பெயர் இருக்காது என்பதை ஏற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

எனக்குக் கைகொடுத்தது மொய் நோட்டு. என் தாத்தாவின் திருமணத்தில் மொய் எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை என் அத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் மொய், பிறகு வரிசையாக ஊரும் ஆளும் தொகையும். ஊர்ப் பெயரை முதலில் எழுதி, இன்னார் மகன் இன்னார் என்று தொடர்ந்து, கடைசியில் ரூபாய் அணா. அதிலிருந்த பதினேழு ஊர்களை ஒரு தாளில் வட்டமிட்டபோது, எங்கள் வீட்டில் எவரும் பேச்செடுக்காத ஓர் ஊரிலிருந்து மட்டும் ஒன்பது பேர் வந்திருந்தது தெரிந்தது. அந்த ஊருக்குப் போய்ப் பார்த்தேன். எங்கள் குலதெய்வத்தின் மூலக் கோயில் அங்கே இருக்கிறது. நாங்கள் இப்போது கும்பிடுவது அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து வைத்த கோயில். பங்காளிகள் யார் என்பதைப் பொங்கல் வைக்கும் முறையைக் கொண்டே பூசாரி சொல்லிவிட்டார். ஆகவே வாசகி அவர்களே, பரணிலிருந்து இறக்கிய பெட்டியில் ரசீது என்று ஒதுக்கிவைத்த காகிதங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

குடும்பத்தில் யாரேனும் கிறித்தவம் தழுவியிருந்தால் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் உண்டு. நம் வட்டாரத்தில் அமெரிக்க ஆற்காடு மிஷன் 1853 முதல் இயங்கியது. நிலம் இல்லாதவர்களின் பெயரைத் தகப்பன் பெயரோடும் ஊரோடும் எழுதி வைத்த பழைய ஏடுகள் நம் பக்கத்தில் அவைபோல வேறு அதிகம் இல்லை.

டர்பனில் ஆறு ஆண்டுகள் எழுதியது:

வாசகி அவர்களுக்கு வணக்கம். நான் தொழில்முறை ஆய்வாளன் அல்லன். டர்பனில் ஆசிரியப் பணியில் இருந்தபோது அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்காகத் தேடிய பழக்கம் உண்டு. அவர்கள் அங்கிருந்து ஊரைத் தேடினார்கள். நீங்கள் ஊரிலிருந்து ஆளைத் தேடுகிறீர்கள். உங்கள் வேலை சற்று எளிது.

அந்த அஞ்சலட்டையில் உள்ளது பெரும்பாலும் வீட்டு எண்ணாக இருக்காது. சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்த நாள் முதல் 1911 வரை, நேட்டாலில் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தை உட்பட, ஓர் எண் கொடுத்தார்கள். அது 1,52,184 வரை போயிற்று. தோட்டத்திலும் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் ஆளைப் பெயரால் அறியாமல் அந்த எண்ணாலேயே அறிந்தார்கள். 1860 முதல் 1866 வரை வந்தவர்கள் 6,445 பேர். அதன் பிறகு 1874 வரை ஆள் எடுப்பு நின்றிருந்தது. எனவே ஆறிலக்க எண் என்றால் அவர் 1874க்குப் பிறகு போனவர் என்பது இப்போதே தெரிகிறது.

இந்த எண்களோடு ஆட்களைக் குறித்த கப்பல் பட்டியல்களின் பெயர்த்தெழுதிய வடிவத்தை குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் எண், கப்பல், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், கிராமம், உயரம், உடலில் உள்ள அடையாளம், வேலைக்கு எடுத்தவர் என்று பல பத்திகள் உள்ளன. குடும்பப்பெயர் என்ற பத்தி இல்லை. உங்களை விரட்டிய அந்தக் கட்டம் இங்கே தொல்லை தராது.

ஆனால் எழுத்துக்கூட்டல் வேறு தொல்லை தரும். சொன்னவர் தமிழர், எழுதியவர் வேறொருவர், அதைப் பார்த்துப் படியெடுத்தவர் இன்னொருவர். வந்தவாசியை வாண்டிவாஷ் என்றுதான் தேட வேண்டும். முனுசாமி மூன்சாமி ஆவார். முதலியார் மூட்லி ஆவார். கவுண்டர் கோவெண்டர் ஆகிவிட்டார். கிராமப் பெயரில் ழகரமும் ளகரமும் எங்கே போயின என்று தேடவே வேண்டாம். ஆர்தர் காக்ஸ் எழுதி 1881இல் வெளியான வட ஆற்காடு மாவட்டக் கையேடு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அக்காலத்தில் ஊர்களை எப்படி ஆங்கிலத்தில் எழுதினார்கள் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அந்த மாவட்டத்தில் அப்போது சித்தூரும் சேர்ந்திருந்தது, 1911இல்தான் பிரிந்தது. ஆகையால் வட ஆற்காடு என்று இருப்பவர் எல்லாம் நம் பக்கத்துக்காரர் அல்லர், எல்லாரும் தமிழரும் அல்லர்.

பெயரை விட்டுவிட்டு எண்ணையே முதலில் தேடுங்கள். ஒத்துப்போனால், அடுத்து ஃபேமிலிசர்ச் என்ற தளத்துக்குப் போங்கள். மார்மன் திருச்சபை நடத்தும் இத்தளத்தில் கணக்குத் தொடங்கக் காசு இல்லை. நேட்டால் மாகாண இறப்புப் பதிவுகளின் படங்கள் அங்கே உள்ளன. மூன்றாவதாக, தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் நாயர்ஸ் என்ற தேடுகருவி. அது கோப்பின் தலைப்பையும் இருப்பிடத்தையும் மட்டுமே காட்டும், உள்ளே உள்ளதைக் காட்டாது. இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் அலுவலகத்துக்கு வந்த புகார்களும் இறந்தவர்களின் சொத்துக் கோப்புகளும் அதில் அகப்படும். ஒரு புகார் கிடைத்தால் ஆளின் குரலே கிடைத்த மாதிரி. தம் செலவில் வாணிபத்துக்குப் போனவர்கள் மட்டும் இந்தப் பட்டியல்களில் இருக்க மாட்டார்கள்.

வடமராட்சியான் எழுதியது:

கேள்வி தமிழ்நாட்டைப் பற்றியது என்றாலும், தலைப்பைப் பார்த்து ஈழத்தவர் சிலரும் இங்கு வருவர் என்பதால் சுருக்கமாக ஒன்று சொல்கிறேன். எங்களிடத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு வழங்குவது வழமை. கல்வெட்டு என்றும் சொல்வோம். தேவாரமும் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். பலவற்றில் கடைசிப் பக்கங்களில் வம்சாவளி மரமும் இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகத்தில் இம்மலர்களை, ஊர் வரலாற்று நூல்களோடும் பாடசாலை மலர்களோடும் சேர்த்து இலவசமாக வாசிக்கலாம். என் பூட்டனார் ஊரும் பேரும் எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டு மலரில் அல்ல, அவருடைய சம்பந்தி வீட்டு மலரில். ஆகவே நேரடி முன்னோர் என்று மட்டும் பாராமல், பெண் கொடுத்த, எடுத்த வீடுகளையும் பார்க்க வேண்டும்.

வந்தவாசி வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அஞ்சலட்டையில் எண்ணின் கடைசி இலக்கம் 3 ஆகவும் படிக்கலாம், 8 ஆகவும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தது. இரண்டையும் தேடினேன். முதலாவது விசாகப்பட்டினத்துக்காரர் ஒருவருடையது. இரண்டாவதைப் பார்த்ததும் தமிழ் தெரிந்த யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்: தகப்பனார் பெயர் எங்கள் வீட்டில் சொல்லும் பெயரேதான், இரண்டு எழுத்து மட்டும் பிசகு. வட ஆற்காடு, வாண்டிவாஷ், அதன் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரின் சிதைந்த வடிவம். உம்சிண்டோ என்ற கப்பல், 1904. வயது 22. அடையாளம் என்ற இடத்தில் இடது புருவத்தின் மேல் தழும்பு என்று இருக்கிறது.

ஒன்றுதான் இடிக்கிறது. அவருக்கு அடுத்த எண்ணில், செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருவரை அவருடைய மனைவி என்று குறித்திருக்கிறார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று எங்கள் வீட்டில் அடித்துச் சொல்கிறார்கள். நான் தவறான ஆளைப் பிடித்திருக்கிறேனா?

செய்யாற்றுக்காரி சொன்னபடி ரசீதுகளையும் மறுபடி பார்த்தேன். ஒன்று மொய்க் குறிப்பு, பென்சிலால் எழுதியது. அதைத் தனியாக எழுதுகிறேன். தகவல் உரிமை விண்ணப்பமும் அனுப்பியாயிற்று.

டர்பனில் ஆறு ஆண்டுகள் எழுதியது:

எண், தகப்பனார், ஊர் மூன்றும் ஒத்திருக்கும்போது ஆள் தவறு என்று நான் நினைக்கவில்லை. வீட்டார் சொல்வதும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஊரை விட்டுப் போனபோது அவர் தனி ஆளாகவே போயிருப்பார். ஒவ்வொரு நூறு ஆண்களுக்கும் நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. கப்பலேறும் வரை தங்கவைக்கும் முகாமான சென்னை டிப்போவில் நாள் கணக்கில் காத்திருந்த இடத்தில் எத்தனையோ பேர் அங்கேயே தம்பதியராகப் பதிந்துகொண்டார்கள். சில இணைப்புகள் தரகரின் வசதிக்காக நேர்ந்தவை, சில கடைசிவரை நிலைத்தவை. செங்கல்பட்டுப் பெண்ணும் வந்தவாசி ஆணும் என்பதே டிப்போவில் நடந்ததற்கு அடையாளம். இதைத் தாயாருக்கு எழுதும் கடிதத்தில் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் அதிலும் வியப்பில்லை.

ஆண்டையும் கவனியுங்கள். ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. 1904இல் போனவருக்கு 1909இல் முடியும். உங்கள் அஞ்சலட்டை அதற்கு முந்தைய ஆண்டினது. 1895ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு போனவர்கள், ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். அந்த வரி 1914இல்தான் நீங்கியது. அவர் திரும்பவில்லை என்றால், மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்திருக்கிறார். எனவே நாயர்ஸில் அவருடைய எண்ணோடு அந்தப் பெண்ணின் எண்ணையும் தனியாகத் தேடுங்கள். ஈ-ஜி-ஜி-எஸ்-ஏ என்ற தென்னாப்பிரிக்க வம்சாவளிச் சங்கத்தின் தளத்தில் கல்லறைப் படங்கள் இலவசமாக உள்ளன. வெருலம், டொங்காட் பக்கத்து இடுகாடுகளையும் பார்க்கலாம்.

பிள்ளைகளைத் தேடும்போது இன்னொன்று. நேட்டாலில் தகப்பனின் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராக நிலைத்துவிட்டது; இன்று மூன்சாமி, பெருமாள், கோவிந்தசாமி என்ற குடும்பப்பெயரோடு அங்கே இருப்பவர்கள் அப்படி வந்தவர்கள்தாம். ஆகவே ஃபேமிலிசர்ச்சில் குடும்பப்பெயர் கேட்கும் கட்டத்தில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுடைய பெயரையே, கப்பல் பட்டியலில் உள்ள எழுத்துக்கூட்டலில் இடுங்கள். முதல் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள்.